தோளிலிருந்து எடுத்த கை

தாப்பாவில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து தாமானுக்கு நடந்தால் இருபது நிமிடம். 2008-இல், நாலாம் படிவம் படிக்கும்போது, நானும் என் நண்பனும் அந்த இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக நீட்டி வைத்திருந்தோம். ஒட்டுக்கடையில் ஆளுக்கொரு ஐஸ் மைலோ. அப்புறம் சாலையோரம் நின்று கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லாரிகளை எண்ணுவது. நடக்கும்போது என் கை அவன் தோளில் கிடக்கும். யார் முதலில் கை போட்டோம் என்று ஞாபகமில்லை. யோசித்துப் போட்டதும் இல்லை.

ஒரு நாள் மதியம் பின்னால் மோட்டாரில் வந்த எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் வேகத்தைக் குறைத்துச் சொன்னான்: "பார்றா, பொண்டான் ஜோடி போவுது!"

அவ்வளவுதான். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் கையை எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன். மறுநாள் காலை வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்காராமல், பின் வரிசையில் பந்து விளையாடும் பையன்களோடு போய் உட்கார்ந்தேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அவன் பக்கத்து நாற்காலி அந்த வருடம் முழுக்கக் காலியாகவே இருந்தது.

பொண்டான் என்பது மலாயிலிருந்து எங்கள் ஊர்த் தமிழுக்கு வந்த சொல். பெண் சாயல் உள்ள ஆணுக்கும் அதே சொல்தான். ஆணை விரும்பும் ஆண், பந்து உதைக்கத் தெரியாதவன், படம் பார்த்து அழுகிறவன், எல்லாருக்கும் அதுவேதான். அதற்குப் பொருள் என்ன என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அது தன்மேல் விழுந்துவிடக் கூடாது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று நான் செய்தது சின்ன காரியம். யாரையும் அடிக்கவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஒரு கையை எடுத்தேன், ஒரு நாற்காலி மாறினேன். பதினைந்து வருடமாக என்னிடம் இருக்கும் கேள்வி இதுதான்: இதற்குத் துரோகம் என்று பெயர் வைக்கலாமா?

*

தமிழில் "வயசுக்கு வந்துட்டா" என்றால் அது பெண்ணைப் பற்றிய பேச்சு. அவளுக்குச் சடங்கு உண்டு, மஞ்சள் நீர் உண்டு, மாமன் சீர் உண்டு. அந்தச் சடங்கின்மேல் நமக்கு எத்தனை விமர்சனம் இருந்தாலும், ஒரு கட்டத்தைத் தாண்டியதை ஊரே கூடி நின்று சொல்கிறது. பையன் வயசுக்கு வருவதை யாரும் சொல்வதில்லை. மீசை முளைக்கும், குரல் உடையும், அவ்வளவுதான். ஆகவே பையன்கள் தங்களுக்குள்ளேயே ஒரு பரீட்சை வைத்துக்கொள்கிறார்கள். "நான் அது இல்லை" என்று திரும்பத் திரும்ப நிரூபிப்பதுதான் அந்தப் பரீட்சை. இன்னொருவனைப் பார்த்து "நீதான் அது" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாஸ்.

ஷான்ஜெய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) பார்த்தபோது இது எனக்கு விளங்கியது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வான தமிழ்ப் படம் அது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய். அவன் கண் முன்னால் இருக்கும் ஆண்கள் மூன்று பேர்: உழைத்துக் களைத்துக் கையை ஓங்கும் அப்பா, குண்டர் கும்பலில் சேர்ந்த சித்தப்பா, போதையிலிருந்து மீளப் பார்க்கும் இன்னொரு சித்தப்பா. படத்தில் தன்பாலீர்ப்பு பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் என் தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் செம்பனைக் காடாகி, எங்கள் குடும்பம் தாமானுக்கு வந்து சேர்ந்த பிறகு, எனக்கு முன்னாலும் கிட்டத்தட்ட அதே பட்டியல்தான் இருந்தது. மென்மையாக இருக்கும் ஆண் என்று அந்தப் பட்டியலில் யாரும் கிடையாது. என் நண்பன் அப்படி இருந்தான். அதனால்தான் அவன் தோளில் கை போடத் தோன்றியது. அதனால்தான் பயமும் வந்தது.

*

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிடலாம். "நம்ம மரபுல ஆம்பளைங்க தோள்ல கை போட்டுக்கிறது சகஜம்தானே? எதுக்கு எல்லாத்துலயும் காமத்தத் தேடறீங்க?"

நியாயமான கேள்வி. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகம். ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர் விடத் துணிகிறான். பிசிராந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்கிறான். சுற்றி இருப்பவர்களுக்கு நம்பிக்கை இல்லை. அவர் வருகிறார், அந்த இடத்தில் உட்கார்கிறார், கூடவே உயிர் விடுகிறார். நெருங்கிப் பழகக்கூட வேண்டாம், உணர்வு ஒத்துப்போனாலே நட்புதான் என்று வள்ளுவரும் சொல்லிவிட்டார். சினிமாவுக்கு வந்தால் மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991). தன் அம்மா யார், தம்பி யார் என்று தெரிந்த பிறகும் சூர்யா தேவாவை விட்டுப் போவதில்லை.

சூர்யாவையும் தேவாவையும் காதலர்கள் என்று நிறுவுவது என் வேலை இல்லை. அவர்கள் நண்பர்கள். எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. இந்தக் கதைகள் எதிலும் யாரும் பின்னாலிருந்து "ஜோடி போவுது" என்று கத்துவதில்லை. நட்பு என்கிற சொல் நம்மிடம் அவ்வளவு பெரிய குடை. அதற்குக் கீழே இரண்டு ஆண்கள் கை கோத்து நடக்கலாம், கட்டிப்பிடித்து அழலாம், சேர்ந்து சாகவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனைதான், குடைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று இந்தக் கதைகள் எனக்குச் சொல்லித் தரவே இல்லை. நண்பனுக்காகச் சாகச் சொல்லித் தந்தார்கள். நண்பனுக்காக ஒரு கேலியைத் தாங்கிக்கொண்டு கையை எடுக்காமல் நடக்கச் சொல்லித் தரவில்லை. தாப்பாவில் எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவதுதான்.

நாவல் பக்கம் போனாலும் வெகுகாலம் இதே நிலைதான். கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானுடம்’ (1978) ஆணுக்கும் ஆணுக்குமான உடலுறவை மறைக்காமல் எழுதிய நாவல். அதற்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே அது பசியாக, ஒருவன் இன்னொருவனைப் பயன்படுத்திக்கொள்வதாகத்தான் வருகிறது. சு.சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’க்குப் பிறகு திருநங்கைகளின் வாழ்க்கை தமிழில் பேசப்பட்டது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த, கணக்கில் கெட்டிக்காரனான, சட்டையை ஒழுங்காக இஸ்திரி போட்டு வரும் பையனை மட்டும் நான் படித்த எந்தத் தமிழ்க் கதையிலும் பார்க்கவில்லை. அவனும் பார்த்திருக்க மாட்டான்.

*

எஸ்பிஎம் முடிந்து முடிவுக்குக் காத்திருந்த மாதங்களில் நாங்கள் மறுபடி கொஞ்சம் பேச ஆரம்பித்திருந்தோம். ஒரு நாள் அவன் பாசார் மாலாமில் ‘கோவா’ படத்து டிவிடி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். வெங்கட் பிரபுவின் படம், 2010-இல் வந்தது. இன்னும் நாலைந்து பையன்களும் கூடிவிட்டார்கள். அதில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஒரு ஜோடியாக வருவார்கள். கேலியும் பரிவும் கலந்து எழுதப்பட்ட பாத்திரங்கள். அதுவரைக்கும் அப்படி ஒரு ஜோடியை, கடைசியில் தண்டிக்காமல், ஒரு தமிழ் வணிகப் படத்தில் நான் பார்த்ததில்லை.

அவர்கள் திரையில் வந்த ஒவ்வொரு தடவையும் வீடே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவன் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"நீ ஏன்டா அவ்ளோ சிரிச்ச?"

"படம்தானே லா."

"ஆமா. படம்தான்."

அந்த டிவிடியை அவன் ஏன் வாங்கினான், ஏன் என் வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அவன் வாய் திறந்து கேட்காத ஒரு கேள்விக்கு என் சிரிப்பு பதில் சொல்லிவிட்டது என்பது புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. அந்த வருடமே அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

*

நான் கோழையாக இருந்ததற்குச் சட்டத்தைக் குறை சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் காற்றைத்தான் நாங்கள் சுவாசித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளின்படி இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படி. "இதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம்" என்று என் உறவினர்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது சட்டத்தை. 1860-இல் இந்தியாவுக்காக எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, நம் முன்னோரைக் கப்பலேற்றிய அதே ஆட்சியோடு இங்கேயும் வந்து இறங்கியது. 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. 2022-இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை நீக்கியது. ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். என் நண்பன் தீபாவளிக்கு ஊர் வரும்போது அந்த ஒரு கிலோமீட்டரில் வேறு மனிதனாகிறான்.

திரைக்கும் இங்கே ஒரு சட்டம் இருந்தது. தன்பாலீர்ப்பு கொண்ட பாத்திரங்களைப் படத்தில் காட்டலாம், ஆனால் கடைசியில் அவர்கள் மனந்திருந்த வேண்டும் என்று 2010-இல் ஒரு தளர்வு பேசப்பட்டது. தளர்வே அப்படி! 2011-இல் வந்த ‘டாலாம் போத்தோல்’ மலாய்ப் படத்தில், காதலனுக்காக உடலை மாற்றிக்கொண்டவன் பிறகு வருந்துகிறான். யோசித்துப் பார்த்தால், மனிதன் எப்படி முதிர்கிறான் என்பதற்கே இது ஒரு கோட்பாடு. நீ வளர்வது என்றால், நீ நீயாக இல்லாமல் போவது.

2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு இரண்டு புத்தகங்களைத் தடை செய்ததாக ஒரே சமயத்தில் அறிவித்தது. ஒன்று ம.நவீனின் ‘பேய்ச்சி’ நாவல். இன்னொன்று, தன்பாலீர்ப்பைக் கிறிஸ்தவ நோக்கில் ஆதரித்து ஙியோ பூன் லின் எழுதிய ஆங்கில நூல். முதல் தடைக்கு எதிராக நான் முகநூலில் நீளமாக எழுதினேன். எழுத்துச் சுதந்திரம், தோட்டத்து வாழ்க்கை, இலக்கியத்தில் ஆபாசம் என்பது என்ன, எல்லாம் பேசினேன். அதே செய்தியின் இரண்டாவது வரியில் இருந்த புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. "அது வேற விஷயம்" என்று நினைத்துக்கொண்டேன். முப்பதை நெருங்கும் வயதிலும் நான் அதே கையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

*

லூகாஸ் டோன்ட் இயக்கிய ‘க்ளோஸ்’ என்ற பெல்ஜியப் படம், 2022-இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசைப் பகிர்ந்துகொண்டது. அதை மறு வருடம் ஒரு நள்ளிரவில் மடிக்கணினியில் தனியாகப் பார்த்தேன். லியோ, ரெமி என்று இரண்டு பையன்கள், பதின்மூன்று வயது. ஒரே கட்டிலில் தூங்குவார்கள், பூந்தோட்டத்தில் ஓடுவார்கள். புதுப் பள்ளியில் ஒரு மாணவி சாதாரணமாகக் கேட்கிறாள், நீங்கள் ரெண்டு பேரும் ஜோடியா என்று. லியோ மறுக்கிறான். பிறகு மெல்ல விலகுகிறான், ஐஸ் ஹாக்கி குழுவில் சேர்கிறான். ரெமியால் அதைத் தாங்க முடியவில்லை. படத்தின் நடுவிலேயே அவன் இல்லாமல் போகிறான். மிச்சப் படம் முழுக்க லியோ ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அலைகிறான். கடைசியில் அதை ரெமியின் அம்மாவிடம் சொல்கிறான்.

அந்த இருவரில் யாராவது தன்பாலீர்ப்பு கொண்டவனா என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அதுதான் என்னை உலுக்கியது. பொண்டான் என்ற சொல் தன்பாலீர்ப்பு கொண்ட பையனை மட்டும் அடிப்பதாக நான் நினைத்திருந்தேன். இல்லை. இரண்டு பையன்களுக்கு நடுவில் இருக்கும் பரிவையே அது அடிக்கிறது. நான் பெண்களை விரும்புகிறவன். ஆனாலும் பதினாறு வயதுக்குப் பிறகு எந்த நண்பன் தோளிலும் என் கை சும்மா கிடந்ததில்லை. முதுகில் தட்டுவேன், குத்துவேன், கைகுலுக்குவேன். அந்தச் சொல் என்னிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டது.

அதற்காக இரண்டு பேரின் இழப்பும் ஒன்றாகிவிடாது. நான் இழந்தது ஒரு பழக்கம். அவன் இழந்தது வளர்வதற்கான இடம். யாரும் தனியாக வயசுக்கு வருவதில்லை. "இதுதான் நான்" என்று முதல் தடவை சொல்லும்போது, எதிரில் ஓடிப்போகாத ஒரு முகம் வேண்டும். அம்மா அப்பாவிடம் முதலில் சொல்ல முடியாத பையனுக்கு அந்த முகம் நண்பனுடையது. அதனால்தான் இத்தகைய கதைகளில் காதலனுக்குச் சமமாக நண்பனும் முக்கியம் என்று நினைக்கிறேன். பா.ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படத்தில் எனக்குப் பிடித்ததும் இதுதான். அந்த நாடகக் குழுவில் தன்பாலின ஜோடிகள் எந்த விளக்கமும் இல்லாமல், மற்றவர்களோடு மற்றவர்களாக, சேர்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

*

சரி, நண்பன் என்னதான் செய்ய வேண்டும்? கேட்க வேண்டுமா? "நீ அதுவா?" என்ற கேள்வியே ஆயுதம் என்பதை ‘க்ளோஸ்’ காட்டிவிட்டது. அப்படியானால் கேட்காமல் இருப்பதுதான் மரியாதையா? ரொம்ப நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். "அவன் சொந்த விஷயம், நான் ஏன் கேக்கணும்?" ஆனால் கேட்காமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கதவு திறந்திருக்கும், உள்ளே வருவதும் வராததும் அவன் இஷ்டம். இன்னொன்றில் கதவைச் சாத்திவிட்டு, நாம் தட்டாததை நாகரிகம் என்று சொல்லிக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான். எது எது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியும்.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) இதை இன்னும் கடினமாக்குகிறது. கொழும்பில் வளரும் தமிழ்ப் பையன் அர்ஜி, 1983 கலவரத்துக்கு முந்தைய வருடங்கள். அவன் விரும்பும் ஷெஹான் ஒரு சிங்களப் பையன். பள்ளி முதல்வர் கொடூரமானவர், ஷெஹானை வதைக்கிறார். ஆனால் அவர் பதவியில் நீடித்தால்தான் அந்தப் பள்ளி தமிழ் மாணவர்களுக்கும் பாதுகாப்பாக இருக்கும். விழா மேடையில் அர்ஜி இரண்டு கவிதைகளை ஒழுங்காக ஒப்பித்தால் முதல்வருக்கு நல்லது, தமிழர்களுக்கும் நல்லது. அவன் வேண்டுமென்றே குளறுகிறான். இனத்தின் நலனைவிட ஒரு பையனின் வேதனை அவனுக்குப் பெரிதாகிறது.

அர்ஜி செய்தது சரிதானா? எனக்கு இன்னும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் அவன் முன்னால் இருந்த தராசு எனக்குப் பழக்கமானது. இங்கே நாம் சிறுபான்மை. குண்டர், குடிகாரன் என்று ஏற்கெனவே நிறையப் பெயர். "இது வேறயா? நம்ம இனத்துக்கே மானக்கேடு" என்று ஒரு பெரியவர் சொல்லும்போது அவர் வெறும் வெறுப்பில் மட்டும் பேசவில்லை, பயத்திலும் பேசுகிறார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் இனத்தின் மானத்துக்கான விலையை எப்போதும் அந்த இனத்தின் மிக மெலிந்த பிள்ளைதான் கட்ட வேண்டும் என்றால், அங்கே கணக்கு எங்கோ தப்பாக இருக்கிறது.

*

பேரி ஜென்கின்ஸின் ‘மூன்லைட்’ (2016) படத்தில் கெவின் தன் நண்பன் சிரோனை மற்ற பையன்கள் ஏவியதால் அடிக்கிறான். பல வருடம் கழித்து அவனே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்கிறான். சிரோன் தேடி வருகிறான். கெவின் தன் உணவுக்கடையில் அவனுக்காகச் சமைத்துப் பரிமாறுகிறான். இருவரும் பழசை அதிகம் பேசிக்கொள்வதில்லை.

‘க்ளோஸ்’ பார்த்த வாரத்திலேயே நான் என் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நாற்காலி மாறியது, ‘கோவா’ பார்த்துச் சிரித்தது, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அழைத்தான்.

"மன்னிப்பு கேட்டா உனக்கு லேசா இருக்கும்டா. எனக்கு அந்த வருஷம் திரும்பி வராது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பரவால்ல. நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன். மறக்கல, அது போதும்."

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். பெயர் போடாதே, வேலையைச் சொல்லாதே என்றான். ஊரையும் மாற்றிவிடுகிறேன், ஈப்போ என்று போட்டுவிடலாம் என்றேன்.

"ஊர மாத்தாத. கேஎல்ல, சிங்கப்பூர்லதான் நாங்கல்லாம் இருக்கோம்னு நெனச்சிக்கிறாங்க. தாப்பான்னே போடு."

போட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு அவன் வந்திருந்தான். பழைய ஒட்டுக்கடை இப்போது இல்லை, அதற்குப் பக்கத்தில் வேறொன்றில் உட்கார்ந்து மைலோ குடித்தோம். நான் முதலில் போய், எதிர் நாற்காலியை விட்டுவிட்டு, எனக்குப் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன். அவன் வந்து பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கோப்பெருஞ்சோழன் இடம் ஒதுக்கி வைத்தது பற்றியெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பான்.

சாலையில் மோட்டார்கள் போய்க்கொண்டிருந்தன. என் கையை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.